புது உழவு இயந்திரத்துக்கு எதை முதலில் பூட்டுவது?

ஊருக்குள் புதிதாக ஓர் உழவு இயந்திரம் வந்து இறங்கினால் அந்த ஒழுங்கை அன்றைக்குக் கல்யாண வீடாகிவிடுகிறது. சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைப்பார்கள். பிள்ளைகள் மட்காட்டில் ஏறி இருப்பார்கள். அடுத்த கிழமைக்குள் அதே இயந்திரத்தைக் கண்டால் அடையாளம் பிடிக்க முடியாது. முன்னால் நான்கு லைற், மேலே இரண்டு லைற், பாட்டுப் பாடும் ஹோண், இருக்கைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி, மட்காட்டைச் சுற்றி நிறம் மாறி மின்னும் சிறு பல்புகள். ஆனால் பின்னால் கொழுவிய பெட்டியைச் சுற்றிப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. ஒரு சிவப்புக் கண்ணாடித்துண்டு கூட இல்லை.

அலங்காரத்தைக் குறைசொல்வது எமது நோக்கமல்ல. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து நகர்ந்து சென்றபோது, வீட்டையும் கிணற்றையும் விட்டுவந்தவர்கள் உழவு இயந்திரத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. கூரைத் தகரமும் நெல் மூடையும் வயோதிபரும் குழந்தைகளும் ஒரே பெட்டியில்தான் வந்தார்கள். ஈற்றில் முள்ளிவாய்க்கால் மணலில் அதையும் விட்டுவிட்டே நடந்தார்கள். துருப்பிடித்த வாகனக் குவியல்கள் அதன்பின் பல காலம் அங்கே கிடந்தன. அப்படி இழந்த ஒரு குடும்பம் பல வருடங்களின் பின்னர் புதிதாக ஒன்றை வாங்கி, அதற்கு நிறப் பல்பு பூட்டி மகிழ்வதை யார் தடுப்பது? எமது முறைப்பாடு வரிசையைப் பற்றியது. எது முதலில், எது பிறகு, எதை எப்படி என்பதைப் பற்றியது. இயந்திரம் சொந்தமாக இல்லாத குடும்பத்துக்கும் இது பொருந்தும். கூலிக்கு உழவு பிடிப்பவரும், மடு ஆவணித் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் பெட்டியில் ஏறிப் போகிறவரும் நாம்தானே.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. அது பெருமைப்படத்தக்க பழக்கமாகத்தான் தொடங்கியது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ரோச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்டோம். சில துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓட்டினோம். உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் ஒன்றை வெட்டி இன்னொன்றோடு ஒட்டி, கம்பியை முறுக்கி, சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் காரியத்தை முடித்த மெக்கானிக்மாரின் கைகளால்தான் அன்றைய பயிர்ச்செய்கை நடந்தது. அந்தத் திறமையை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் அது இல்லாமையின் கைவேலை. பெட்டி பிரிக்காத புதிய இயந்திரத்தின் மின்வயர்க் கட்டில் அதே கத்தியை வைப்பது வேறு விடயம். அன்று வெட்டாவிட்டால் வண்டி ஓடாது. இன்று வெட்டினால்தான் ஓடாமற் போகிறது.

எப்படி என்று பார்ப்போம். புதிய லைற் ஒன்றுக்கு மின் எடுக்க மிக இலகுவான இடம், ஏற்கெனவே இருக்கும் ஹெட்லைற் வயர். அதன் தோலைச் சீவி, புதிய வயரை முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றினால் பத்து நிமிட வேலை. லைற்றும் எரியும். ஆனால் அந்த வயரும் அந்தச் சுவிச்சும் இரண்டு பல்புகளுக்கு அளந்து போடப்பட்டவை. 55 வாற் பல்பு ஒன்று 12 வோல்ற்றில் ஏறக்குறைய நாலரை அம்பியர் இழுக்கும். இரண்டு பல்புக்கு 9 அம்பியர். மேலே இன்னும் இரண்டைக் கொழுவினால் 18 அம்பியர் அந்த ஒரே மெல்லிய வயரால் ஓட வேண்டும். ஒரு அங்குலக் குழாயால் இரண்டு தோட்டத்துக்கு இறைக்கிறது போலத்தான். தண்ணீர் குறைவாக வரும். வயர் விடயத்தில் அதற்கு மேலாகச் சூடும் ஏறும். பியூஸ் எரிந்து போகும். அது எரிவது நல்லதுக்கே. அந்த நேரத்தில் நம்மவர் செய்வது என்ன? சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி, அல்லது ஒரு செப்புக் கம்பியை வைத்து பியூசைத் திரும்பப் போடுவார்கள். இனி எரிய வேண்டியது பியூஸ் அல்ல, வயர்தான். அறுவடைக் காலத்தில் எஞ்சின் இடுக்குகளில் காய்ந்த வைக்கோற் தூசியும், டீசலும் ஓயிலும் பட்ட புழுதியும் இருக்கும். தீப் பிடிக்க அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பியூஸ் லைற்றைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பதற்கே. ஆகவே அது இருக்க வேண்டிய இடம் லைற்றுக்குப் பக்கத்தில் அல்ல, பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள். பியூசுக்கு முன்னாலுள்ள வயர் எங்காவது உரசித் தகரத்தில் பட்டால் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. பற்றரி முழுவதும் அந்த இடத்தில் கொட்டிவிடும்.

முறையான வழி கடினமானதல்ல. பற்றரியின் நேர்முனையிலிருந்து பியூசோடு ஒரு தனி வயர், அது ரிலே என்னும் சிறிய பெட்டிக்குப் போகும், அங்கிருந்து லைற்றுக்கு. ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 என்றது பற்றரியிலிருந்து வருவது, 87 லைற்றுக்குப் போவது, 85உம் 86உம் உள்ளே இருக்கும் சுருளுக்கு. அவற்றில் ஒன்றுக்குச் சுவிச்சின் வயர், மற்றதுக்கு ஏர்த். சுவிச்சில் ஓடுவது ஒரு அம்பியரிலும் மிகக் குறைவான மின். பாரமான மின் முழுவதும் தனக்கென்று போட்ட தடித்த வயரால் ஓடும். இயந்திரத்தோடு வந்த வயர்க் கட்டை எவரும் தொடவில்லை. விற்றவர் தந்த உத்தரவாதத்துக்கும் பங்கமில்லை. வயரை வெட்டியிருப்பதைக் கண்டால், உத்தரவாதக் காலத்துக்குள் அல்ரனேற்றர் பழுதானாலும் 'நீங்கள் கை வைத்தது' என்று ஒரு வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்கள்.

இரண்டு 55 வாற் பல்புக்கு இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் வயரும் 15 அம்பியர் பியூசும் போதும். வானொலிக்குப் போடும் அரைச் சதுர மில்லிமீற்றர் வயரை நாலு மீற்றர் தூரம் இழுத்து அதே பல்புகளைப் பூட்டினால், ஒன்றேகால் வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே தீர்ந்துபோகும். அதனால் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். கூடிய வாற் பல்பு வாங்கிப் போடுகிறவர்கள் முதலில் வயரின் தடிப்பைப் பார்ப்பது இலாபம். எல்.ஈ.டி. லைற் வாங்க வசதி உள்ளவர்கள் அதையே வாங்கலாம். 18 வாற் லைற் இரண்டும் சேர்ந்து 3 அம்பியர்தான் இழுக்கும். வீட்டுக்கு இழுக்கும் விறைப்பான ஒற்றைக் கம்பி வயரை மட்டும் வேண்டாம். இயந்திரம் நடுங்க நடுங்க அது உள்ளே முறியும். வெளியே தோல் முழுசாகத் தெரியும். பிழை எங்கே என்று நாட்கணக்காகத் தேட வேண்டிவரும். பல இழை வயரே வேண்டும். தகரத் துளையால் வயர் நுழையும் இடத்தில் இறப்பர் வளையம், சைலன்சருக்கும் சுழலும் தண்டுக்கும் எட்டத்தில் பாதை, முறுக்கி ரேப் சுற்றுவதற்குப் பதில் நசுக்கிப் பூட்டும் லக். ரேப்பின் பசை நமது வெயிலில் ஒரு கோடைக்குள் இளகிக் கழன்றுவிடும். நெல் வைத்த கொட்டிலுக்குள் இயந்திரத்தை விடுகிறவர்கள் எலியையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயரின் தோலை அது விரும்பிக் கடிக்கும்.

ஏர்த் விடயத்தில் ஒரு சொல். பெயின்ற் மின்னைக் கடத்தாது. புது இயந்திரத்தின் அழகான பெயின்ற் மேல் ஏர்த் வயரைப் பூட்டிவிட்டு 'லைற் மங்கலாய் எரியுது' என்கிறார்கள். சதக்காசு அளவுக்குச் சுரண்டி, இரும்பு தெரிய விட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் தடவிவிட வேண்டும்.

வேலை தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். நேர்முனையைக் கழற்றும் ஸ்பனர் தவறி உடலிரும்பில் பட்டால், எதிர்முனை பூட்டியிருக்கும் வரைக்கும் அது நெருப்பு. எஞ்சின் ஓடும்போது பற்றரியைக் கழற்றக் கூடாது. முனைகளை மாற்றிப் பூட்டவும் கூடாது. இரண்டும் அல்ரனேற்றரின் உள்ளிருக்கும் டயோட்டுகளைக் கணத்தில் அழிக்கும். பழைய மெசி 135களில் டைனமோ இருந்தபோது இப்படியான பிழைகளை அது ஓரளவு பொறுத்தது. அந்த அனுபவத்தை வைத்துப் புதியதில் விளையாடக் கூடாது. பெட்டிக்கு வெல்டிங் பிடிக்கும்போதும் அதைக் கழற்றித் தூர விட்டுத்தான் பிடிக்க வேண்டும். பெட்டி கொழுவியபடியே பிடித்து அல்ரனேற்றரை இழந்தவர்கள் உண்டு.

ஸ்பீக்கர் பெட்டிக்காரர்களுக்கு ஒரு சிறு கணக்கு. உழவு இயந்திரப் பற்றரி 75 அம்பியர்-மணித்தியாலம் என்று எடுத்துக்கொள்வோம். எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு 55 வாற் லைற்றை ஐந்து மணித்தியாலம் எரித்தால் 46 தீர்ந்துவிடும். அரைவாசிக்கு மேல் போய்விட்டது. காலையில் ஸ்ராட் வராது. தள்ளி ஸ்ராட் எடுக்கலாம்தான். ஆனால் இப்படி அடிக்கடி வெறுமையாக்கப்படும் பற்றரி தன் ஆயுளில் பாதியைக் கூடக் காணாது. யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்க இரவிரவாக லைற் போடுகிறவர்களின் தேவை வேறு. அது பயிரைக் காக்கும் வேலை. அவர்களுக்கு நாம் சொல்வது, அந்த வெளிச்சத்துக்குச் சிறிய சூரியத் தகட்டோடு வேறொரு பற்றரி வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. இயந்திரத்தின் பற்றரி காலையில் இயந்திரத்தை எழுப்புவதற்கு.

இனி பெட்டியின் பின்பக்கத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

விமானத்துக்கும் எறிகணைக்கும் அஞ்சி லைற்றை அணைத்து வண்டி ஓட்டிய இரவுகளை நம்மில் பலர் மறக்கவில்லை. வெளிச்சம் ஆபத்தாக இருந்த காலம் அது. இருட்டில் ஓடப் பழகிய கண்ணுக்கு, பின்னால் ஒரு சிவப்பு லைற் இல்லாதது குறையாகவே தெரிவதில்லை. ஆனால் அன்றைய வீதி இன்றில்லை. குண்டும் குழியுமாக இருந்த ஏ-9 வீதி போருக்குப் பின் திருத்தப்பட்டுக் காப்பெற்றாகிவிட்டது. கொழும்பு பஸ்ஸும் லொறியும் இரவில்தான் அதிகம் ஓடுகின்றன. மணிக்கு 15 அல்லது 20 கிலோமீற்றரில் நெல் மூடையோடு போகும் பெட்டியை நோக்கி 80 கிலோமீற்றரில் ஒரு பஸ் வருகிறதென்றால், செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர் வீதம் இடைவெளி சுருங்குகிறது. எதிரே இன்னொரு வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது, லைற் இல்லாத பெட்டி சாரதிக்குத் தெரிவது 30, 40 மீற்றரில். இரண்டு செக்கன். அதற்குள் அவர் காண வேண்டும், நம்ப வேண்டும், பிறேக் அடிக்க வேண்டும். பெட்டியின் மேல் இருப்பது மூடைகள் மட்டுமல்ல, மூடைகளின் மேல் படுத்திருக்கும் பிள்ளைகளும்தான்.

முன்னால் ஆறு லைற் இருப்பது பின்னால் வருபவருக்கு உதவாது. சில வேளை அது உபத்திரவமும் ஆகிறது. பெட்டியின் முன்னால் எழும் வெளிச்ச வட்டம் பின்னால் வருபவரின் கண்ணை இழுத்து, நடுவிலிருக்கும் கறுப்புப் பெட்டியை மறைத்துவிடுகிறது. எனவே எமது கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம்: புதிய இயந்திரத்துக்கு இழுக்கும் முதலாவது வயர் பின்பக்கத்துக்கு இழுக்கும் வயராக இருக்க வேண்டும். அந்த வேலையை முடிக்காதவர் முன்னால் ஒரு பல்பும் கூடுதலாகப் பூட்டக் கூடாது.

இயந்திரத்தின் பின்னால் ஏழு முள் சொக்கெற் ஒன்றைப் பூட்டி, பெட்டியிலிருந்து வரும் வயரின் நுனியில் அதற்குரிய பிளக்கைப் பூட்டினால், கழற்றிக் கொழுவும்போது வயரைப் பிய்க்கத் தேவையில்லை. பின் லைற் இரண்டு, பிறேக் லைற், இடம் வலம் சிக்னல்; இவற்றோடு ஏர்த்துக்கென்று தனி வயர். இந்தத் தனி வயரைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். பெட்டி இரும்பால் இயந்திரத்தில் கொழுவியிருக்கிறதுதானே, அந்த இரும்பே ஏர்த் என்று விட்டுவிடுகிறார்கள். கொழுவும் ஆணியில் துருவும் சேறும் கிறீசும் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி துள்ளத் துள்ள லைற் அணைந்து அணைந்து எரியும். ஒரு கிழமைக்குள் பல்பு போகும், பிறகு ஒருவரும் அதைத் திரும்பப் பூட்டமாட்டார்கள். ஒரு தனி வயருக்கு ஆகும் செலவு ஒரு நாள் வெற்றிலைக் காசைவிடச் சற்றுத்தான் கூட.

லாண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கையால் சுற்றித்தான் ஸ்ராட். வெளிச்சம் எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறையும். அவர்களுக்கு வயரே தேவைப்படாத வழி ஒன்றுண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஓயிலைப் பற்றியே பேசுகிறார்கள். நாம் முதலில் எயர் கிளீனரைச் சொல்வோம். புழுதி உழவில் எஞ்சின் குடிப்பது காற்றை மட்டுமல்ல, வன்னி மண்ணையும்தான். அந்தப் புழுதியில் இருப்பது மணற் துகள்; சாணைக்கல்லில் இருப்பதும் அதுவே. உள்ளே போனால் பிஸ்ரனையும் வளையங்களையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். முதலில் ஓயில் குறையும், பிறகு நீலப் புகை வரும், பிறகு இழுவை போகும். பத்து வருடம் ஓட வேண்டிய எஞ்சின் இரண்டு போகத்தில் கிழவனாகும். ஓயில் தட்டு உள்ள எயர் கிளீனரானால் புழுதி வேலைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்க வேண்டும். அடியில் சேறு படிந்திருந்தால் கொட்டி, டீசலில் கழுவி, குறிவரைக்கும் புது ஓயில் விட வேண்டும். குறிக்கு மேலே விட்டால் எஞ்சின் அதையே இழுத்துக் குடிக்கும். கடதாசி வகையானால் அதைக் கழுவவே கூடாது. கல்லில் அடித்துத் தட்டவும் கூடாது. ஓரம் நெளிந்தால் புழுதி அந்த வழியால் போகும். உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, உட்பக்கத்திலிருந்து மெல்லிய காற்று அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித்துவாரம் தெரிந்தால் எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

புதிய எஞ்சினில் முதலாவது ஓயிலை முன்கூட்டியே மாற்ற வேண்டும். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புப் பொடி அந்த ஓயிலில்தான் கிடக்கும். பல இயந்திரங்களுக்கு இது முதல் 50 மணித்தியாலத்தில். பிறகு 250 வரை போகலாம். உங்கள் இயந்திரத்தின் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு. மணிக்கூட்டு மீற்றரைப் பார்த்துச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் போதும். டீசல் எஞ்சின் ஓயில் சீக்கிரம் கறுப்பது வழமை. அதற்குப் பயப்படத் தேவையில்லை. பால் கலந்த தேநீரைப் போல் ஆனால் தண்ணீர் கலந்துவிட்டது. உடனே நிறுத்த வேண்டும். முதல் சில நாட்களுக்குள் சில்லின் நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும். புதியதில் அவை இளகும்.

ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் விடுகிறோம். நமது கிணற்றுத் தண்ணீரின் குணம் வீட்டுக் கேத்தலைப் பார்த்தால் தெரியும். அடியில் பிடித்திருக்கும் அந்த வெள்ளைக் கல்தான் எஞ்சினுக்குள்ளும் பிடிக்கும். அதற்குரிய குளிர்த்தித் திரவத்தை விடுங்கள். முடியாவிட்டால் கூரைக்குக் கீழே சுத்தமாகப் பிடித்து வடித்த மழைத்தண்ணீர் கிணற்றுத் தண்ணீரிலும் மேல். பற்றரிக்கு வடித்த தண்ணீர் தவிர வேறொன்றும் விடலாகாது. டீசல் பீப்பாவை அசைக்காமல் ஒரு இரவு விட்டு, அடியில் நாலு விரல் உயரத்தை எடுக்காமல் மேலிருந்து எடுக்க வேண்டும். அடியில்தான் தண்ணீரும் மண்டியும். சேற்றுழவு நாட்களில் முன் அச்சின் கிறீஸ் நிப்பிள்களுக்கு ஒவ்வொரு பின்னேரமும் கிறீஸ் அடியுங்கள். பழைய கிறீசோடு சேறும் தண்ணீரும் வெளியே வர வேண்டும், அதுவரைக்கும்.

இவற்றை யார் செய்வது? வழமையான விடை, சாரதி. ஆனால் சாரதி கூலிக்கு வருபவர். அடுத்த போகத்தில் வேறு வண்டியில் இருப்பார். இயந்திரத்தின் தவணைக் காசு கட்டுவது குடும்பம். எஞ்சின் நின்றாலும் தவணை நிற்பதில்லை. இரண்டு மூன்று தவணை தவறியதும் வாகனத்தை வந்து ஏற்றிச் செல்லும் காட்சியை ஊர்களில் கண்டிருக்கிறோம். 2022இல் ஒரு டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. அந்த வருடம் பில்டர் வாங்க முடியாமல் பழைய பில்டரோடு ஓடியவர்கள் பிறகு எஞ்சினுக்குச் செலவழித்தார்கள். ஆகவே இந்த அறிவு வீட்டுக்குள் இருக்க வேண்டும். போருக்குப் பின் பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. டிப் கம்பியை இழுத்துத் துடைத்து ஓயில் பார்ப்பதற்கு மீசை தேவையில்லை. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் ஓயில், தண்ணீர், எயர் கிளீனர், பின் லைற் நான்கையும் பார்த்துவிடலாம். பின் லைற் எரிகிறதா என்று பார்க்கப் பாடசாலைப் பிள்ளையே போதும்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. அதில் எம்மைப் போன்ற நிறுவனங்களும் அடங்கும். போர் முடிந்தபின் இந்திய அரசு வட மாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களைக் கொடுத்தது. வேறு பல நிறுவனங்களும் கமக்காரர் அமைப்புகளுக்கு இயந்திரங்களைக் கொடுத்தன. கையளிப்பு விழாவில் திறப்பைக் கொடுக்கும் படம் எடுக்கப்படுகிறது. அதோடு ஒரு கிறீஸ் துப்பாக்கி, ஒரு ஸ்பனர்ச் செற், இரண்டு பில்டர், தமிழில் ஒரு பராமரிப்புப் புத்தகம் கொடுப்பதற்கு எத்தனை பேர் நினைக்கிறார்கள்? நாம் பார்த்த புத்தகங்களில் அநேகமானவை ஆங்கிலத்தில் இருந்தன. பிளாஸ்ரிக் உறையைக் கூடக் கிழிக்காமல் சங்கத்தின் இரும்பு அலுமாரியில் கிடந்தன. பொதுவில் வைத்திருக்கும் இயந்திரம் விரைவில் பழுதாகிறது என்று சொல்லிச் சொல்லிப் பொதுமையையே குறைகூறுகிறார்கள். பழுதானதற்குக் காரணம் அது பொதுவாக இருந்தது அல்ல. உழவுக் கூலியில் பராமரிப்புக்கென்று ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. யார் ஓயில் பார்ப்பது என்று எவரும் பெயர் குறித்து எழுதவில்லை. உழும் ஒவ்வொரு ஏக்கரின் கூலியிலும் பத்தில் ஒரு பங்கைத் தனிப் புத்தகத்தில் போடும்படி நாம் சங்கங்களை வற்புறுத்துவோம். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அந்த இயந்திரத்தை விற்றுக் காசைப் பிரித்துக்கொள்வதே மேல். மழையில் துருப்பிடிக்க விடுவதைவிட அது நேர்மையானது.

லாண்ட்மாஸ்டர்காரருக்குச் சொல்வதாகச் சொன்ன வழி, ஒளியைத் திருப்பி அடிக்கும் சிவப்புப் பட்டி. வயரும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். பின்னால் வரும் வாகனத்தின் வெளிச்சத்தையே அது அவருக்குத் திருப்பிக் காட்டும். பெட்டியின் பின்பலகையில் இரண்டு ஓரத்திலும் பாரம் மறைக்காத இடத்தில் செங்குத்தாக ஒவ்வொன்று, கீழே குறுக்காக ஒன்று. அப்போதுதான் பெட்டியின் அகலம் தெரியும். லைற் பூட்டிய பெட்டிகளுக்கும் இது வேண்டும். பல்பு எரியாத இரவில் அது இருக்கும். காலபோக மழைக்கு முன் ஒட்டினால் நல்லது. ஒட்டுமுன் தகரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கையால் அழுத்தித் தேய்த்து ஒட்டுங்கள். புழுதியின் மேல் ஒட்டியது முதல் மழைக்கே கழன்றுவிடும். சேற்றுழவுக்குப் போய் வந்த பின்னேரங்களில் சில்லைக் கழுவும் தண்ணீரில் ஒரு வாளியை அந்தப் பட்டியிலும் ஊற்றிவிடுங்கள். சேறு மூடிய பட்டி ஒளியைத் திருப்பாது.